செத்தவீட்டுச் செய்தி வட்ஸ்அப்பில் போகிற காலம்: என்ன மாறியது, எப்படிச் சரியாகச் செய்வது? (விவாத இழை)

#1 · கடற்கரை வீதி

கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் சாவு நடந்தால் இப்போது முதலில் எழுதப்படுவது வட்ஸ்அப் செய்திதான். முன்பு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் மரண அறிவித்தல் நேரத்தில் வீட்டில் பேச்சு நிற்கும். மறுநாள் வீரகேசரியிலோ தினகரனிலோ கட்டம் கட்டி வரும். "பிறப்பிடமாகவும், வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, யாருடைய மகன், யாருடைய கணவர், யாருடைய மைத்துனர் என்று உறவெல்லாம் வரிசையாக வந்து, கிரியை எங்கே எப்போது என்று முடியும். அந்த நீளத்துக்குக் காரணம் இருந்தது. இறந்தவரின் பெயரை மட்டும் கேட்டு ஆளைப் பிடிக்க முடியாதவர் மருமகனின் பெயரைக் கேட்டதும் "அட, இன்னாரின் மாமா" என்று எழும்புவார்.

அந்த வடிவத்தை அப்படியே தூக்கி வட்ஸ்அப் படமாக்கிவிட்டோம். ஆனால் வானொலி அறிவித்தல் ஒலித்த அன்றோடு முடிந்தது, பத்திரிகையின் தலைப்பில் திகதி இருந்தது. வட்ஸ்அப் படத்துக்கு இரண்டும் கிடையாது. "நாளை மாலை 4 மணிக்குத் தகனம்" என்று போட்ட படம் ஆறு மாதம் கழித்து எவரோ ஒருவரின் கைபேசியிலிருந்து கிளம்பினாலும் "நாளை" என்றே சொல்லும். இறந்தவரின் வீட்டுக்கே மறுபடி துக்கம் விசாரித்து அழைப்பு வரும்.

சமூக வலைத்தளங்கள் உறவைக் கெடுக்கின்றன, வளர்க்கின்றன என்று பொதுவாகப் பேசுவதை விட இந்த ஒன்றை எடுத்து அலசினால் பயன் அதிகம் என்று நினைக்கிறேன். வடிவமைப்பு, குழு நிர்வாகம், நேரலை தெரிந்தவர்கள் விபரமாக எழுதுங்கள்.

#2 · வடிவமைப்பு மேசை

அண்ணை சொன்ன "நாளை"தான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. "இன்று", "நாளை", "எதிர்வரும் ஞாயிறு" மூன்றையும் படத்தில் போடக்கூடாது. திகதி, மாதம், ஆண்டு, கிழமை நான்கும் வேண்டும். கிழமை எதற்கு என்றால், திகதியைத் தட்டும்போது இலக்கம் பிழைத்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

அளவு 1080க்கு 1350 பிக்சல். ஏ4 பக்கத்தை அப்படியே படமாக்கி அனுப்பினால் வட்ஸ்அப் சுருக்கும்போது உறவினர் பெயர்கள் இருக்கும் பந்தி மங்கிப்போகும். வயதானவர்கள் தேடுவது அந்தப் பந்தியைத்தான். அனுப்பும்போது எச்டி என்ற தெரிவைத் தொடுங்கள்.

படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை வட்ஸ்அப் தேடல் கண்டுபிடிக்காது, பார்வையற்றவரின் கைபேசி வாசித்துச் சொல்லாது. அதே தகவலைப் படத்தின் கீழே நான்கு வரியில் யூனிகோட் தமிழில் எழுதுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை நேரே ஒட்டினால் மற்றவருக்கு ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், மாற்றிவிட்டு ஒட்ட வேண்டும்.

முகவரி விடயத்தில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. வீட்டு முகவரியும், முழுக் குடும்பமும் மயானத்துக்குப் போகும் நேரமும் ஒரே படத்தில் இருந்தால், வீடு எப்போது பூட்டிக் கிடக்கும் என்பதை முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குச் சொல்கிறோம். பூதவுடல் மலர்ச்சாலையில் (உடலை அஞ்சலிக்கு வைக்கும் மண்டபம்) வைக்கப்பட்டால் மலர்ச்சாலை முகவரி போதும். வீட்டில்தான் கிரியை என்றால் ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டுப் போங்கள்.

தொலைபேசி இலக்கம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மகன், மகள், மருமகன் எல்லோருடைய இலக்கத்தையும் நாட்டுக் குறியீட்டோடு போடும் வழக்கம் பத்திரிகைக் காலத்தது. இப்போது அந்தப் பட்டியல் மோசடிக்காரருக்குப் போகிறது: பெயர், உறவுமுறை, எந்த நாடு, எந்த இலக்கம், எல்லாம் வரிசையாக இருக்கிறது. "நான் இன்னாரின் மகன், செலவுக்கு அவசரமாக வேண்டியிருக்கு" என்று செய்தி எழுத வேறு எதுவும் தேவையில்லை.

#3 · கொழும்பு13

வட்ஸ்அப்பில் போர்வர்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இதில் பாதி விளங்கும்.

ஏற்கெனவே போர்வர்ட் ஆகி வந்த செய்தியை ஒரு தடவையில் ஐந்து அரட்டைக்கு மேல் அனுப்ப முடியாது. உலகம் முழுதுக்கும் இந்த வரம்பு வந்தது 2019 ஜனவரியில். கை மாறிக் கை மாறி ஐந்து கட்டமோ அதற்கு மேலோ போன செய்திக்கு இரட்டை அம்புக்குறி விழும். 2020 ஏப்ரலில் இருந்து அப்படியான செய்தியை ஒரு தடவையில் ஓர் அரட்டைக்குத்தான் அனுப்பலாம். வதந்தி ஓடும் வேகத்தைக் குறைக்கக் கொண்டுவந்த ஏற்பாடு. ஆனால் எழுத்தைக் கொப்பி பண்ணி ஒட்டினாலோ, படத்தைச் சேமித்துவிட்டுப் புதிதாக அனுப்பினாலோ அம்புக்குறியும் போய்விடும், வரம்பும் போய்விடும். "சொந்தமாக எழுதின செய்தி மாதிரி இருக்கு" என்பதை வைத்து எதையும் நம்ப முடியாது.

அடுத்தது இதைவிட முக்கியம். அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், ஏறக்குறைய இரண்டரை நாளுக்குள் எல்லோரிடமிருந்தும் அழிக்கலாம். இரண்டும் நீங்கள் அனுப்பிய அந்த அரட்டைக்கு மட்டும்தான். போர்வர்ட் ஆன பிரதிகளுக்குத் திருத்தமும் போகாது, அழிப்பும் போகாது. தகன நேரம் 4 மணியிலிருந்து 2 மணிக்கு மாறினால், முதல் குழுவில் திருத்திவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ரொறன்ரோவிலும் பாரிசிலும் பழைய நேரமே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே திருத்தம் வந்தால் பழைய செய்தியைத் தொடாமல், புதிய படம் வேறு நிறத்தில், மேலே "நேர மாற்றம்" என்று பெரிதாகப் போட்டு, வெளியிட்ட திகதியும் நேரமும் ஒரு மூலையில் எழுதி அனுப்புங்கள். இரண்டு படமும் ஒருவரிடம் வந்தால் எது பிந்தியது என்று அவரே பார்த்துக்கொள்வார்.

#4 · இணைப்பு வயர்

> போர்வர்ட் ஆன பிரதிகளுக்குத் திருத்தமும் போகாது

இதற்கு வழி இருக்கிறது. தகவலை ஒரே இடத்தில் வைத்து இணைப்பை மட்டும் அனுப்புங்கள். கூகுள் டொக் ஒன்று, "இணைப்பு உள்ளவர் பார்க்கலாம்" என்ற அனுமதியில். மாற்றம் வந்தால் ஒரு இடத்தில் திருத்தினால் போதும், எத்தனை கை மாறினாலும் திறப்பவருக்குப் புதிய நேரமே தெரியும்.

#5 · மட்டக்குளி

தம்பி, வழி சரி, ஆனால் யாருக்கு? இங்கே நிறையப் பேர் போடுவது வட்ஸ்அப்புக்கும் முகநூலுக்கும் மட்டும் வேலை செய்யும் சமூக வலைத்தளப் பொதி. அவர்களுக்கு வெளி இணைப்பு திறக்காது, அல்லது ரீலோட் காசு வெட்டுப்படும். அறுபது தாண்டியவர்கள் தெரியாத இணைப்பைத் தொடக்கூடாது என்று பிள்ளைகள் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள், அதுவும் நல்ல பழக்கம்தான். நான்கு வரி எழுத்து, அதன் கீழே இணைப்பு. இணைப்பு மட்டும் என்று வைக்காதீர்கள்.

#6 · இணைப்பு வயர்

ஒத்துக்கொள்கிறேன் அண்ணை. எழுத்து மேலே, "நேரம் மாறினால் இங்கே தெரியும்" என்று இணைப்பு கீழே.

#7 · பழைய மாணவி

படத்தைப் பற்றியும் இணைப்பைப் பற்றியும் பேசுவதற்கு முதல், யாருக்கு எந்த ஒழுங்கில் சொல்வது என்பதைப் பேச வேண்டும். அங்கேதான் இந்தத் தளங்கள் நமது முறையைக் குலைத்திருக்கின்றன.

சாவு சொல்வது நமக்குள் ஒரு கடமை. இன்னாருக்கு இன்னார் சொல்ல வேண்டும் என்று இருந்தது. "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்ற மனத்தாங்கல் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தையை நிறுத்தும். குழுவில் போட்டால் எல்லோருக்கும் சொன்ன மாதிரி என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். மூத்தவர்கள் அதைச் சொன்னதாகவே எடுப்பதில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சொந்தத் தம்பியின் சாவை 300 பேரோடு சேர்ந்து ஒரு படமாகப் பார்ப்பதும், அண்ணன் மகன் அழைத்துக் குரல் தழுதழுக்கச் சொல்வதும் ஒன்றாகாது.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும். முதலில் இரத்த உறவுக்கு நேரடி அழைப்பு. ஒருவரே எல்லோரையும் அழைக்காமல் தாய்வழிக்கு ஒருவர், தகப்பன்வழிக்கு ஒருவர், வெளிநாட்டுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடைசி அழைப்பு முடியும்வரை எந்தக் குழுவிலும் எதுவும் போடாதீர்கள். பக்கத்து வீட்டாரிடமும் மருத்துவமனைக்கு வந்த நண்பர்களிடமும் இதை வாய்விட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் முகநூலில் முதலில் "ஆழ்ந்த இரங்கல்" போடுபவர் பெரும்பாலும் குடும்பத்துக்கு வெளியே இருப்பவர். அதன் பிறகு குடும்பக் குழு, பிறகு ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், தொடர்மாடிக் குழு, கோயில் குழு. முகநூல் கடைசி.

வெளிநாட்டு நேரமும் பாருங்கள். கொழும்பில் காலை 11 மணி என்றால் கோடையில் ரொறன்ரோவில் அதிகாலை 1.30, குளிர்காலத்தில் 12.30. அங்கே தனியாக இருக்கும் ஒருவர் நித்திரையால் எழும்பி, கைபேசியில் 140 செய்திகளுக்கு நடுவில் தகப்பனின் படத்தை மாலையோடு பார்க்க விடக்கூடாது. அப்படியானவருக்கு நள்ளிரவானாலும் அழையுங்கள், அல்லது அவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவரை நேரே போய்ச் சொல்லச் சொல்லுங்கள்.

#8 · கொழும்பு13

அக்கா சொன்ன ஒழுங்குக்கு ஆய்வுலகிலும் ஆதாரம் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை, தகவல் தூரம் போவது நெருங்கிய உறவால் அல்ல, அறிமுக அளவிலான தொடர்புகளால் என்று காட்டியது. நெருங்கியவர்கள் எல்லோருக்கும் ஒரே செய்திதான் தெரிந்திருக்கும். சும்மா தெரிந்தவர்தான் அதை வேறொரு வட்டத்துக்குக் கொண்டுபோவார். வட்ஸ்அப்பும் முகநூலும் அந்த இரண்டாவது வகையைப் பெருக்கிவிட்டன. செய்தி ஒரு மணித்தியாலத்தில் மூன்று கண்டத்துக்குப் போகிறது. சாமத்தில் மருத்துவமனைக்கு வாகனம் கொண்டுவருவதும், மரணப் பதிவுக்கு அலைவதும், மூன்று நாள் சாப்பாடு கொண்டுவருவதும் முதல் வகை. அதற்கு எந்தத் தளமும் ஆள் சேர்த்துத் தருவதில்லை.

#9 · கடற்கரை வீதி

அதைக் குழுவால் ஓரளவு செய்யலாம், குழுவை ஒழுங்காக அமைத்தால். இப்போது நடப்பது, ஒரே குழுவில் அறிவித்தல், இரங்கல், வேலைப் பகிர்வு மூன்றும். 200 "ஆர்.ஐ.பி"க்குக் கீழே "ஐயர் 9 மணிக்கு வருவார், தர்ப்பை வாங்கியாச்சா?" என்ற கேள்வி புதைந்துபோகும்.

இரண்டாகப் பிரியுங்கள்:

அறிவித்தல் குழுவில் அனுமதிகளுக்குப் போய், செய்தி அனுப்புவது அட்மின் மட்டும் என்று மாற்றுங்கள். நேரமும் இடமும் உள்ள செய்தியைப் பின் பண்ணுங்கள். 24 மணி, 7 நாள், 30 நாள் என்று தெரிவு வரும், 7 நாள் போதும். இரங்கல் தெரிவிக்க விரும்புபவர் செய்தியின் மேல் அழுத்திக் குறி போடலாம், குழுவில் உள்ள மற்றவர்களுக்கு மணி அடிக்காது.

வேலைக் குழுவில் எட்டுப் பேர், கூடினால் பத்துப் பேர். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர்: ஐயர், மலர்ச்சாலை, மரணப் பதிவு, சாப்பாடு, கதிரையும் கொட்டகையும், வெளிநாட்டிலிருந்து வருபவரைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏற்றுவது, பத்திரிகை அறிவித்தல். பொதுவாக "யாராவது செய்யுங்கோ" என்று எழுதினால் எல்லோரும் நீலச் சரி விழப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

அட்மின் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவராவது இறந்தவரின் வீட்டுக்கு வெளியே இருப்பவராக. மகனையே அட்மினாக வைத்தால் கொள்ளி வைக்கப் போகிற நேரத்திலும் அவரிடம்தான் வாகனத் தரிப்பிடம் எங்கே என்று கேட்பார்கள்.

#10 · பீட்டும் வரிசையும்

முகநூலில் ஏன் கிரியை முடிந்து மூன்றாம் நாள் அறிவித்தல் கண்ணில் படுகிறது என்று பலர் கேட்பதுண்டு. பீட், அதாவது முகநூலைத் திறந்ததும் வரும் பதிவு வரிசை, நேரப்படி வருவதில்லை. நீங்கள் திறக்கும்போது, காட்டக்கூடிய பதிவுகளை எல்லாம் சேர்த்து, யார் போட்டது, எந்த வகை, உங்களுக்கும் அவருக்கும் எவ்வளவு பழக்கம் என்ற சமிக்ஞைகளைப் பார்த்து, நீங்கள் கருத்துப் போடுவீர்களா, நின்று பார்ப்பீர்களா என்று கணித்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு அடுக்குகிறது. 2018 ஜனவரியில் செய்த மாற்றத்தோடு நண்பர்களின் கருத்துகளுக்கும் எதிர்வினைகளுக்கும் எடை கூடியது. இரங்கல் கருத்து விழ விழப் பதிவு மேலே வரும், பழைய பதிவும் புதுக் கருத்து விழுந்தால் திரும்ப எழும்பும். கடைசியாகச் சந்தித்துப் பத்து வருடமான பள்ளித் தோழரின் தாயாரின் மறைவு முதல் நாள் உங்களுக்கு வராமல் போகும், ஐம்பது கருத்துக்குப் பிறகு வரும்.

பார்ப்பவர் செய்யக்கூடியது: மெனுவில் ஃபீட்ஸ் என்று ஒரு தனிப் பகுதி 2022 முதல் இருக்கிறது. அதில் நண்பர்கள் என்பதைத் தெரிவு செய்தால் பதிவுகள் நேர வரிசையில் வரும்.

போடுபவர் செய்யக்கூடியது: முதல் வரியிலேயே திகதியும் இடமும். "எங்களை விட்டுப் பிரிந்தாயே" என்று பத்து வரி எழுதி விபரத்தைக் கடைசியில் வைத்தால் "மேலும் பார்க்க" என்பதற்குள் மறைந்துவிடும். கிரியை முடிந்ததும் பதிவைத் திருத்தி, மேலே "கிரியைகள் நிறைவடைந்தன" என்று சேருங்கள்.

#11 · மட்டக்குளி

தளமே இல்லாமல் போனால்? 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போது அரசு முகநூலையும் வட்ஸ்அப்பையும் வைபரையும் முடக்கியது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு 30ஆம் திகதி வரை முடக்கம். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தைச் சுற்றி எத்தனையோ தமிழ் வீடுகளில் பெட்டி வந்து இறங்கிய நாட்கள் அவை. சாவு சொல்ல வேண்டிய நேரத்திலேயே வழி அடைபட்டது. 2022 ஏப்ரல் 3இலும் போராட்டத்தை ஒட்டி அரை நாளுக்கு மேல் முடக்கினார்கள்.

இந்த முடக்கங்களின்போது அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வேலை செய்தன. ஆகவே எஸ்எம்எஸ் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 இடம்தான், நீண்டால் ஒரு பகுதிக்கு 67. ஆங்கில எழுத்தில் 160. தமிழில் மெய்யின் புள்ளிக்கும் ஒரு இடம், கொம்புக்கும் ஒரு இடம். "தகனம் 12.06.25 வியாழன் பி.ப. 4, பொரளை கனத்தை." இதற்கு 45 இடம் போகிறது (கனத்தை என்பது பொரளையில் உள்ள மயானம்). பெயருக்கு 25 மிஞ்சும். இதை விட நீட்டாதீர்கள், பழைய சாதாரண போன்களில் பகுதிகள் முன்பின்னாக வந்து குழப்பும்.

உறவினர் இலக்கங்களை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். இறந்தவரின் கைபேசி கைரேகையில் பூட்டியிருந்தால் அவருடைய நண்பர்களின் இலக்கம் ஒன்றும் கிடைக்காது.

#12 · நேரலைக் கமரா

நேரலைக்கு வருகிறேன். மாலை 4 மணிக்குப் பொரளையில் தகனம் என்றால் லண்டனில் கோடையில் காலை 11.30, ரொறன்ரோவில் காலை 6.30. குளிர்காலத்தில் இரண்டிலும் ஒரு மணித்தியாலம் முந்தும். இந்த நேரங்களையும் அறிவித்தலில் எழுதுங்கள், ஒவ்வொருவரும் கணக்குப் பார்த்துப் பிழைக்க வேண்டாம்.

எந்தத் தளம்: முகநூல் நேரலைக்குக் கணக்குத் தொடங்கி 60 நாளாவது ஆகியிருக்க வேண்டும், பேஜ் என்றால் 100 பின்தொடர்வோரும் வேண்டும். அன்றைக்குப் புதுக் கணக்குத் திறந்து போட முடியாது. இன்னொன்று, 2025 பெப்ரவரி 19 முதல் முகநூல் நேரலைப் பதிவுகளை 30 நாளில் அழிக்கிறது. 31ஆம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாளில் திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. முடிந்த அன்றே தரவிறக்கி வையுங்கள்.

யூடியூபில் கைபேசியிலிருந்து நேரலை போட 50 சந்தாதாரர் வேண்டும். முதல் தடவை இயங்கச் செய்ய 24 மணித்தியாலம் வரை எடுக்கும். கணினியில் வெப்கமரா மூலம் போட்டால் அந்த 50 தேவையில்லை, 24 மணித்தியாலக் காத்திருப்பு மட்டும் உண்டு. "பட்டியலிடாதது" என்று வைத்தால் இணைப்பு உள்ளவர் மட்டும் பார்ப்பார், கருத்துப் பகுதியையும் மூடலாம். நான் பரிந்துரைப்பது இதைத்தான். இலவச ஸூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். சுண்ணம் இடிக்கும் சடங்கு நேரத்தில் அறுந்தால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது பெரிய கொடுமை.

டேட்டா: 720பி தரத்துக்கு 3 எம்பிபிஎஸ் என்று வைத்தால் மணித்தியாலத்துக்கு 1.35 ஜிபி. வீட்டுக் கிரியை, ஊர்வலம், மயானம் என்று நாலு மணித்தியாலம் போனால் ஐந்தரை ஜிபி. ஏழாவது வைத்துக்கொள்ளுங்கள். சுடலையில் சிக்னலை முந்தின நாளே போய்ப் பாருங்கள், மேலேற்றும் வேகத்தைத்தான் அளக்க வேண்டும். இரண்டாவது நிறுவன சிம் உள்ள இன்னொரு கைபேசியில் ஹொட்ஸ்பொட் தயாராக இருக்கட்டும்.

கெடுவது வழக்கமாக இவை. அழைப்பு வந்து நேரலை நிற்பது, இதற்குத் தொந்தரவு செய்யாதே நிலை. பின்னணியில் இறுவட்டிலிருந்து தேவாரம் போட்டால் பதிப்புரிமைக் கணிப்பு ஒலியை வெட்டுவது, இதற்கு வீட்டார் நேரே பாடுவதே நல்லது, பாடத் தெரிந்த ஒரு மாமி எந்த வீட்டிலும் இருப்பார். ஐயரின் மந்திரம் கேட்காமல் மின்விசிறி இரைச்சல் மட்டும் கேட்பது, இதற்குச் சட்டையில் குத்தும் சிறு மைக்கை ஐயருக்குப் பக்கத்துக் கதிரையில் பொருத்துங்கள்.

#13 · பழைய மாணவி

கமராவை எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு வரம்பு வேண்டும். தலைமாட்டில் நின்று முகத்துக்கு அருகே போய்ப் படம் பிடிப்பதும், அழும் பெண்களை நோக்கித் திருப்புவதும், வாய்க்கரிசி போடும் பேரப்பிள்ளையின் முகத்தைப் பெரிதாக்குவதும் வேண்டாம். கூட்டத்தில் நிற்பவர் எவ்வளவு தூரத்தில் இருந்து பார்ப்பாரோ அந்தத் தூரத்தில் கால் ஊன்றி ஒரே இடத்தில் நிற்கட்டும். அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போது வகுப்பில் எவராவது அந்தத் துண்டை எடுத்துப் பகிரலாம். இதை வீட்டுப் பெரியவர் ஒருவர் முன்கூட்டியே கமராக்காரரிடம் சொல்ல வேண்டும்.

அறிவித்தலுக்கு ஏஐ கொண்டு "தெளிவாக்கிய" படத்தையும் போடாதீர்கள். பழைய அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்தால் அது இல்லாத கண்ணையும் பல்லையும் கற்பனை செய்து வைக்கும். பேரப்பிள்ளைகளுக்கு அந்த முகமே நினைவாகிவிடும். மங்கலாக இருந்தாலும் உண்மைப் படம் போதும்.

#14 · வடிவமைப்பு மேசை

வழிமொழிகிறேன். படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்தலாம், முகத்தைத் தொடக்கூடாது.

#15 · கொழும்பு13

பிறகு செய்ய வேண்டியவை. முகநூல் கணக்கை அப்படியே விட்டால் அடுத்த வருடம் பிறந்தநாள் நினைவூட்டல் போகும், தெரியாதவர்கள் "நோய்நொடியின்றி வாழ்க" என்று எழுதுவார்கள். மரணச் சான்றிதழை இணைத்து நினைவுக் கணக்காக மாற்றக் கேட்கலாம். மாற்றிய பிறகு கடவுச்சொல் தெரிந்தாலும் யாரும் உள்ளே போக முடியாது. உயிரோடு இருக்கும்போதே அமைப்பில் மரபுத் தொடர்பாளர் ஒருவரை நியமித்து, பிரதி எடுக்கும் அனுமதியையும் கொடுத்து வைத்தால், அவர் படங்களைத் தரவிறக்கலாம், மேலே ஒரு பதிவைப் பின் பண்ணலாம். அந்தரங்கச் செய்திகளை அவரால் வாசிக்க முடியாது. கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்று உண்டு. 3, 6, 12, 18 மாதம் என்று காலம் குறித்து, யாருக்கு எதைக் கொடுப்பது என்று எழுதி வைக்கலாம்.

வட்ஸ்அப்பில் இப்படி ஒன்றும் இல்லை. 120 நாள் இயங்காத கணக்கு பொதுவாக அழியும். அம்மம்மாவின் குரல் வேண்டுமென்றால் உங்கள் கைபேசியில் இருக்கும் வொய்ஸ் கட்களை (குரல் செய்திகளை) இப்போதே பிரதி எடுங்கள். அன்ட்ரொயிட்டில் வட்ஸ்அப்பின் மீடியா கோப்புறைக்குள் வொய்ஸ் நோட்ஸ் என்று ஒன்று இருக்கும், வாரம் வாரமாகப் பிரித்து, ஓபஸ் வகைக் கோப்புகளாக. கோப்பின் பெயரில் திகதியும் வரிசை இலக்கமும்தான், யார் பேசியது என்று இருக்காது. அரட்டைக்குள் கேட்டு அடையாளம் கண்டு, பெயர் எழுதி வேறோர் இடத்தில் சேமியுங்கள். வங்கி ஓடிபி எல்லாம் அந்த சிம்முக்குத்தான் வரும், கணக்குகள் முடியும்வரை சிறு ரீலோட் போட்டு உயிரோடு வையுங்கள்.

#16 · இணைப்பு வயர்

அந்தியேட்டி முடிந்த பிறகு அறிவித்தல் குழுவை என்ன செய்வது? சும்மா விட்டால் ஒருவர் காலை வணக்கப் படம் போடத் தொடங்குவார்.

#17 · கடற்கரை வீதி

அட்மின் மட்டும் என்ற அமைப்பைத் தளர்த்தாமல் இருந்தால் அது நடக்காது. நன்றி அறிவித்தலைப் போட்டு, நேரலைப் பதிவின் இணைப்பையும் கொடுத்து, ஒரு வாரம் விடுங்கள். பிறகு மூட விரும்பினால் அட்மின்கள் வெளியேறினால் மட்டும் போதாது, வட்ஸ்அப் வேறொருவரைத் தானாக அட்மினாக்கிவிடும். ஒவ்வொருவராக எல்லோரையும் நீக்கி, கடைசியாக நீங்கள் வெளியேறி அழிக்க வேண்டும். நீக்குமுன் "குழுவை மூடுகிறோம், நாளை எல்லோரையும் நீக்குவோம்" என்று ஒரு செய்தி போடுங்கள். இல்லாவிட்டால் மாமாவுக்கு நீக்கியது மட்டும் தெரியும், காரணம் தெரியாது. ஆட்டைத் திவசத்துக்கு (முதலாண்டு நினைவுக் கிரியை) புதுக் குழு தொடங்கலாம், ஆனால் அழைப்பு எடுக்க வேண்டியவர்களின் தாளை எறிந்துவிடாதீர்கள்.